மணிக்கணக்கில் படிக்கிறான், மதிப்பெண் மட்டும் ஏன் குறைகிறது?

உங்கள் மகனுக்குப் பதினான்கு வயது. எட்டாம் வகுப்புவரை யாரும் சொல்லாமலே நன்றாகப் படித்தவன். ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து மதிப்பெண் சரிந்துகொண்டே போகிறது. மணிக்கணக்கில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான், ஆனால் தேர்வில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்கிறான். என்ன ஆச்சு என்று கேட்டால் எரிந்து விழுகிறான். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடலாமா, இன்னொரு டியூஷனில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். படிக்கும் நேரத்தைக் கூட்டுவதில் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். எங்கே தடைபடுகிறது என்று தெரியாமல் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்தால், தடைபட்ட அதே இடத்தில் பிள்ளை இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்பான். அவ்வளவுதான் நடக்கும்.

மணிக்கணக்கில் உட்காரும் பிள்ளை சோம்பேறி அல்ல. கீழ் வகுப்புகளில் பாடத்தின் அளவு குறைவு. சூட்டிகையான பிள்ளைக்கு வகுப்பில் கவனித்ததும், தேர்வுக்கு முந்தைய நாள் ஒருமுறை புரட்டிப் பார்த்ததுமே போதுமாக இருந்திருக்கும். எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை. மேல் வகுப்பில் பாடம் கூடுகிறது. முந்தைய ஆண்டுகளில் படித்ததன் மேல்தான் இந்த ஆண்டுப் பாடம் ஏறி நிற்கிறது. கேள்வியும் நேரடியாக வராமல் சுற்றி வளைத்து வருகிறது. பழைய வழி கைவிட்டுவிட்டது, வேறு வழி அவனிடம் இல்லை. இத்தனை நாள் 'நல்லாப் படிக்கிற பையன்' என்று பெயர் வாங்கியவனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று நினைத்துப் பாருங்கள். அவன் எரிந்து விழுவதில் பாதிக்கு மேல் அந்த அவமானம்தான் என்பது என் கணிப்பு.

ஆகவே முதல் வேலை, கடைசியாக எழுதிய இரண்டு தேர்வுகளின் விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு அவனோடு உட்காருவது. திட்டுவதற்காக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம். மதிப்பெண் போன ஒவ்வோர் இடத்திலும் நின்று, ஏன் போனது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். பாடமே புரியவில்லையா? புரிந்தது, ஆனால் தேர்வில் நினைவுக்கு வரவில்லையா? கேள்வி என்ன கேட்கிறது என்பதைத் தவறாக எடுத்துக்கொண்டானா? கூட்டல் கழித்தலில் கை தவறியதா? நேரம் போதவில்லையா? ஒரு தாளில் இவற்றைக் கோடு போட்டு எண்ணினால், பெரும்பாலும் ஏதோ ஓரிடத்தில்தான் கோடுகள் குவிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. நேரம் போதாத பிள்ளைக்குப் பாடத்தை மறுபடி விளக்கிப் பயனில்லை. கடிகாரத்தை வைத்துப் பழைய வினாத்தாள்களை எழுதிப் பழக வேண்டும். கேள்வியைத் தவறாகப் படிக்கும் பிள்ளை, விடை எழுதுவதற்கு முன் கேள்வியில் வரும் 'விளக்குக', 'வேறுபடுத்துக', 'காரணம் கூறுக' போன்ற சொற்களின் கீழ் கோடு போடப் பழகினாலே பல மதிப்பெண்கள் திரும்பி வரும்.

கணக்கில் மட்டும் தனியாக ஒன்று பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளில் பலருக்கு இயற்கணிதம் பிரச்சினையே இல்லை. பின்னத்திலோ குறை எண்களிலோ விகிதத்திலோ ஓர் இடைவெளி இருக்கும். கீழ் வகுப்பில் அதைச் சமாளித்துக்கொண்டு வந்திருப்பான். இப்போது ஒவ்வொரு கணக்கிலும் அது காலை வாருகிறது. அப்படியானால் வெட்கப்படாமல் ஆறாம் ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டு மேலே வர வேண்டும். பின்னால் போவதுபோல் தோன்றும், ஆனால் அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

விடைத்தாளில் தெரியாத காரணங்களும் உண்டு. கிட்டப்பார்வை வளர்ந்து கூடும் வயது இது. கரும்பலகை மங்கலாகத் தெரிவதைப் பிள்ளையே உணராமல் இருக்கலாம். கண் பரிசோதனை ஒரு நாள் வேலை, செய்துவிடுங்கள். வாசிப்பதே சிரமமாக இருக்கும் டிஸ்லெக்சியா, ஓரிடத்தில் கவனத்தை நிறுத்த முடியாத ஏ.டி.எச்.டி. ஆகியவையும் புத்திசாலிப் பிள்ளைகளிடம் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கும். பாடம் நீளமாகும்போதுதான் அவை முகம் காட்டும். வாய்மொழியாகக் கேட்டால் சரளமாகச் சொல்கிறான், எழுத்தில் வந்தால் சறுக்குகிறான் என்றால் அதைப் பற்றி ஒரு நிபுணரிடம் பேசுவது நல்லது. இவை அறிவுக் குறைவு அல்ல, உரிய பயிற்சியும் தேர்வில் கூடுதல் நேரமும் கிடைத்தால் நிலைமை வெகுவாக மாறும்.

இனி, உங்கள் மகன் விஷயத்தில் முக்கியம் என்று நான் நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். 'மணிக்கணக்கில் படிக்கிறான், நினைவில் நிற்கவில்லை' என்றீர்களே, அவன் எப்படிப் படிக்கிறான் என்று கொஞ்சம் கவனியுங்கள். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறானா? வண்ணப் பேனாவால் கோடு போடுகிறானா? குறிப்பை அழகாகப் படியெடுக்கிறானா? பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது என்று சொல்வது இந்த மூன்றைத்தான். மூன்றுமே உழைப்புப்போல் தெரியும், பலன் குறைவு.

2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றுகள் வாசித்தது. இன்னொரு குழு ஒரே சுற்று வாசித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றுகளிலும் தாளை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். அவர்களுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடுதான் மிச்சம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் நான் பெற்றோர்களிடம் தவறாமல் சொல்லும் செய்தி வேறொன்று. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், திரும்பத் திரும்ப வாசித்த குழுவினர். வாசிக்க வாசிக்க வரிகள் பழகிப்போகின்றன. அந்தப் பழக்கத்தை 'தெரிந்துவிட்டது' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. இரவு படுக்கும்போது அவனுக்கு எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் சுகமாக இருக்காது. ஒரு பகுதியை ஒருமுறை கவனமாக வாசிக்க வேண்டும். புத்தகத்தை மூட வேண்டும். வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுத வேண்டும், அல்லது வாய்விட்டு யாருக்காவது சொல்லிக்கொடுப்பதுபோல் பேச வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் எழுதிச் சேர்க்க வேண்டும். அடுத்த முறை அந்தச் சிவப்பு வரிகளிலிருந்து தொடங்க வேண்டும். முதல் சில நாட்கள் தாளில் பாதிக்கு மேல் சிவப்பாக இருக்கும். 'எனக்கு ஒண்ணுமே தெரியலை' என்று மனம் உடைவான். அது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நினைவிலிருந்து இழுத்தெடுக்கும் அந்தச் சிரமம்தான் பாடத்தை உள்ளே நிறுத்துகிறது என்பதையும், மேலே சொன்ன 40, 61 கணக்கையும் அவனுக்கே காட்டுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளை 'நான் சொல்றேன், செய்' என்பதை ஏற்காது. காரணத்தைக் காட்டினால் யோசிக்கும்.

இதோடு இடைவெளி சேர வேண்டும். ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. அதனால் ஒரே பாடத்தை ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் அடித்துப் பிடித்துப் படிப்பதைவிட, படித்த அன்று மாலை ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை என்று பிரித்து எழுதிப் பார்ப்பது பல மடங்கு நல்லது. மொத்த நேரம் அதிகமாகாது, சொல்லப்போனால் குறையும். 2013இல் ஜான் டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்து வகைப் படிப்பு முறைகளை அலசிப் பார்த்து, தன்னையே சோதித்துக்கொள்வதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் மட்டும்தான் மேல்வரிசையில் வைத்தார்கள். கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழ்வரிசைக்குப் போயின.

கணக்குக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. ஓர் அத்தியாயத்தின் கீழ் இருபது கணக்குகள் இருந்தால், இருபதையும் ஒரே சூத்திரத்தால் போட்டுவிடலாம் என்று பிள்ளைக்கு முன்பே தெரியும். தேர்வில் எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று யாரும் சொல்வதில்லை. டக் ரோரரும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஏழாம் வகுப்பு ஆய்வில், வெவ்வேறு வகைக் கணக்குகளைக் கலந்து போட்டுப் பழகியவர்கள் இரண்டு வாரம் கழித்து நடந்த தேர்வில் 72 விழுக்காடு எடுத்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் பழகியபோது கிடைத்தது 38 விழுக்காடு. வீட்டில் இதைச் செய்யச் செலவே இல்லை. முடித்த மூன்று நான்கு அத்தியாயங்களிலிருந்து அத்தியாயத்துக்கு இரண்டு கணக்காகப் பொறுக்கிக் கலந்து போடச் சொல்லுங்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். இதைப் பெற்றோர் கடைசியில் வைக்கிறார்கள், அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற சுரப்பு இரவில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. அதனால் பத்து மணிக்குத் தூக்கம் வராததும் காலையில் எழ முடியாததும் முழுக்கத் திமிர் அல்ல, உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. இதை வைத்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சொன்னது. பள்ளி தொடங்கும் நேரம் நம் கையில் இல்லை. படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் நம் கையில் இருக்கிறது. விளக்கைத் தணியுங்கள், திரை வேண்டாம். விடுமுறை நாளில் மதியம்வரை தூங்கவிட்டால் திங்கட்கிழமை அவஸ்தை இரட்டிப்பாகும், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகப் போதும். தேர்வுக்கு முந்தைய இரவு விழித்துப் படிப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். பகலில் படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில்தான்.

கைப்பேசியைப் பிடுங்கலாமா? பிடுங்கினால் ஒரு வாரம் வீட்டில் போர் நடக்கும், பிறகு நண்பனின் கைப்பேசி கிடைக்கும். அவனுக்கு அது விளையாட்டுச் சாமான் மட்டும் அல்ல, நட்பு வட்டமே அதற்குள்தான் இருக்கிறது. அதற்காக அப்படியே விட்டுவிடவும் முடியாது. படிக்கும்போது அது வேறு அறையில் இருக்க வேண்டும், இரவில் படுக்கை அறைக்கு வெளியே சார்ஜ் ஆக வேண்டும். இந்த இரண்டில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். எத்தனை மணிக்கு எடுத்து வைப்பது, இடைவேளையில் எத்தனை நிமிடம் பார்ப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும். உங்கள் கைப்பேசியும் அந்த நேரத்தில் அதே இடத்தில் கிடக்க வேண்டும். அது இல்லாமல் இந்த ஒப்பந்தம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

பேச்சைப் பற்றி. பள்ளியிலிருந்து வந்ததும் 'டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா? எவ்வளவு?' என்று கேட்கும் வீட்டில் பிள்ளை மெல்ல வாயை மூடிக்கொள்ளும். 'இன்னைக்கு எந்தப் பாடம் ரொம்ப அறுவை?' என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். கதைக்குள் செய்தி வரும். எரிந்து விழும் நேரத்தில் பதிலுக்குப் பேசாதீர்கள். 'சரிப்பா, அப்புறம் பேசலாம்' என்று நகர்ந்து, அன்றே பிறகு பேசுங்கள். பேசாமல் விட்டுவிட்டால் அதையும் கவனிப்பான். இந்த வயதுப் பிள்ளைகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் நடக்கும்போது, வண்டியில் போகும்போது அதிகம் பேசுவார்கள்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள், கடினமான புதிர்களில் தோற்றபின் சீக்கிரம் சோர்ந்தார்கள், அடுத்த சுற்றிலும் பின்தங்கினார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். உங்கள் மகன் இத்தனை ஆண்டுகள் கேட்டு வளர்ந்தது முதல் வகைப் பாராட்டு. இப்போது அது அவனுக்குச் சுமை. அதற்குப் பதிலாக 'நல்லா உழைச்ச' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் வேண்டாம், அது வெறும் வார்த்தை என்று அவனுக்குத் தெரியும். 'போன வாரம் சிவப்பா இருந்த அந்தப் பக்கத்தை இன்னைக்குப் பார்க்காமலே எழுதிட்டியே' என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

தேர்வு அறையில் கை நடுங்கி எல்லாம் மறந்துபோகிறது என்றால், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தையே ஒரு தாளில் கொட்டி எழுதுவது உதவலாம். ஜெரார்டோ ராமிரெஸ், சியன் பைலாக் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுப் பயம் அதிகமுள்ள மாணவர்களுக்கு இது மதிப்பெண்ணைக் கூட்டியது. எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் படிப்போடு சேர்க்காமல் தனியாகப் பாருங்கள். மதிப்பெண் சரிந்த அதே சமயத்தில் நண்பர்களை விட்டு விலகினானா, பிடித்த விளையாட்டையே விட்டுவிட்டானா, சாப்பாடும் தூக்கமும் மாறினவா, பள்ளிக்குக் கிளம்பும் நாட்களில் மட்டும் வயிற்றுவலி வருகிறதா? பள்ளியில் யாராவது துன்புறுத்தலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் படிப்புப் பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 'நான் இல்லாமலே போயிடலாம்' என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அப்படி நினைக்கிறானா என்று அவனிடம் நேராகவே கேளுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே உதவி தேடுங்கள்.

ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது மகனையும் அழைத்துப் போங்கள். அவன் இல்லாமல் அவனைப் பற்றிப் பேசினால் இரண்டு பக்கமும் சேர்ந்து தன்னை மடக்குவதாகத்தான் நினைப்பான். 'எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்டால் 'இன்னும் முயற்சி பண்ணணும்' என்ற பதில்தான் கிடைக்கும். விடைத்தாளில் நீங்கள் எண்ணிய அந்தக் கோடுகளைக் காட்டி, 'இந்த வகைக் கேள்வியில்தான் போகிறது, இதற்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தானே கேட்க அவனை வீட்டிலேயே தயார்படுத்த முடிந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, டியூஷன். குறிப்பிட்ட ஓர் இடைவெளி கண்ணுக்குத் தெரிந்து, அதை நிரப்ப வீட்டில் ஆள் இல்லை என்றால் சேர்க்கலாம். பின்னமும் விகிதமும் புரிய வேண்டும் என்பதுபோல் வேலை தெளிவாக இருக்க வேண்டும், அது முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே பள்ளியில் கேட்ட பாடத்தை மாலையிலும் உட்கார்ந்து இன்னொரு முறை கேட்கும் டியூஷன் அவனுக்கு வேண்டாம். அது திரும்ப வாசிப்பதன் இன்னொரு வடிவம்தான். புத்தகத்தை மூடி எழுதிப் பார்க்கும் நேரத்தையும், பிறகு தூக்கத்தையும் அது எடுத்துக்கொள்ளும். இப்போது போய்க்கொண்டிருக்கும் டியூஷனையே இந்த அளவில் பாருங்கள். அங்கே அவன் தானாக எழுதுவது எவ்வளவு, கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு என்று அவனையே கேளுங்கள். ஆறு வாரம் மேலே சொன்ன முறையில் படித்துவிட்டு, அடுத்த தேர்வின் விடைத்தாளை வைத்து மறுபடியும் கோடு போட்டு எண்ணுங்கள். எந்தக் கோடு குறைந்தது, எது அப்படியே நிற்கிறது என்று பார்த்தபின், சேர்ப்பதா நிறுத்துவதா என்பதில் முதல் வாக்கு அவனுடையதாக இருக்கட்டும்.